திருகு ஸ்டூலும் ஐந்தாவது காலும்

கல்லூரி நினைவு என்றால் எல்லாரும் பிக் மட்சை (ஆண்டுதோறும் நடக்கும் கிரிக்கெட் போட்டியை) பற்றி எழுதுவார்கள், இல்லாவிட்டால் பிரம்படியைப் பற்றி. நான் ஆய்வுகூடத்து ஸ்டூலைப் பற்றி எழுதப் போகிறேன். பழைய மாணவர் மலர்க் குழுவினர் பொறுத்தருள வேண்டும்.

எங்கள் பௌதிக ஆய்வுகூடத்தில் இருந்தவை மூன்று கால் மர ஸ்டூல்கள். வட்டப் பலகைக்கு அடியில் தடித்த இரும்புத் திருகு. ஒரு பக்கம் சுழற்றினால் பலகை ஏறும், மறுபக்கம் சுழற்றினால் இறங்கும். மாஸ்டர் வருமுன் அதில் இருந்து சுற்றுவதுதான் எங்களுக்கு வேலை. கடைசிப் புரியும் கழன்றால் பலகையும் ஆளும் தரையில்தான். திருகுக் கணிச்சி (மெல்லிய தடிப்பை அளக்கும் திருகுக் கருவி) படிப்பித்த அன்று மாஸ்டர் அந்த ஸ்டூலையே தூக்கி மேசையில் வைத்தார். "ஒரு சுற்றுக்கு எவ்வளவு ஏறுது எண்டு அளந்து பாருங்கோ. அதுதான் புரியிடைத் தூரம்." பிறகு ஒரு கேள்வி: கையால் தொட்டாலே சுழலுகிற பலகை, நீங்கள் ஏறி இருக்கும்போது ஏன் தானாகக் கீழிறங்கவில்லை? ஒருவருக்கும் விடை வரவில்லை. புரியின் சாய்வு மிகக் குறைவு. உடல் நிறை கீழே தள்ளினாலும் உராய்வு சுழல விடாது. கார் தூக்கும் திருகு ஜாக்கியும் இந்தக் கணக்கில்தான் நிற்கிறது.

இங்கிலாந்துக்கு வந்து ஒரு தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் சேர்ந்த பிறகுதான், இந்தச் சாமானுக்கு ஒரு சரித்திரமே இருக்கிறது என்று தெரிந்தது. திருகில் ஏறி இறங்கும் இருக்கை பியானோ வாசிப்பவர்களிடம் எப்போதோ இருந்தது. 1849இல் அமெரிக்காவில் தோமஸ் வாரன் என்பவர் வில் வைத்த சுழல் கதிரைக்குக் காப்புரிமை பெற்று, 1851இல் லண்டன் பெருங்கண்காட்சிக்கும் கொண்டுவந்தார். ஆனால் அந்தச் சுகமெல்லாம் வசதியுள்ளவர்களுக்குத்தான். கடையிலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள் நின்றபடியே நின்றார்கள்.

அவர்களை இருக்க வைக்கச் சட்டம் வேண்டியிருந்தது. மூன்று பெண் ஊழியருக்கு ஓர் இருக்கையாவது வைக்க வேண்டும் என்று பிரித்தானியக் கடைகளுக்கு 1899இல் சட்டம் வந்தது. மூன்று பேருக்கு ஒன்று! 1937இன் தொழிற்சாலைச் சட்டம், நின்று வேலை செய்யும் பெண்களுக்கு இருந்து ஆற வசதி கேட்டது. 1961இன் சட்டம் இன்னும் ஒருபடி போய், இருந்து செய்யக்கூடிய வேலையென்றால் ஆளுக்கும் வேலைக்கும் பொருந்திய இருக்கையும் கால் வைக்க இடமும் கொடு என்றது. (தமிழ்நாட்டுக் கடை ஊழியருக்கு இருக்கை உரிமை 2021இல்தான் சட்டமானது.) ஆளுக்குப் பொருந்த வேண்டும், ஆனால் பகல் ஷிப்டில் ஒருவர், இரவு ஷிப்டில் இன்னொருவர். அப்படியானால் உயரம் மாற்றக்கூடிய ஸ்டூலை விட்டால் முதலாளிக்கு வேறு மலிவான வழி ஏது?

அதைச் செய்ய முன்வந்தவர்களில் பேர்மிங்ஹாமின் புரூக்ஸ் கம்பனியும் ஒன்று. ஆம், சைக்கிள் சீட் புரூக்ஸ்தான். எவர்டோட் என்ற பெயரில் வேலைக் கதிரைகளும் ஸ்டூல்களும் விற்றார்கள். இரும்பை வளைக்கவும் வில் பொருத்தவும் தெரிந்தவர்கள்; மனித உடம்பு எந்த இடத்தில் நிறையை இறக்கும் என்று சீட் செய்தே படித்தவர்கள். 1948இல் சுவீடன் மருத்துவர் பெங்ட் ஓக்கர்புளோம், இருக்கைகள் தேவைக்கு மேல் உயரம், அதனால் தொடையின் அடிப்பக்கம் அழுந்துகிறது, இடுப்புக்கும் தாங்கல் வேண்டும் என்று ஆராய்ந்து எழுதினார். ஆனால் வேலை மேசை உயரமாக இருக்கும்போது ஸ்டூலை மட்டும் எப்படித் தாழ்த்துவது? ஸ்டூலின் காலைச் சுற்றி வரும் அந்த இரும்பு வளையம் இதற்காகத்தான். கால் தொங்கினால் முழுப் பாரமும் தொடையில்.

உயரம் மாற்றும் முறையில்தான் எனக்குச் சண்டை. குழாயில் துளையிட்டு ஊசி செருகுவது ஒரு வகை. போல்ட்டை இறுக்குவது இன்னொரு வகை. அதற்கு ஸ்பானர் வேண்டும், ஸ்பானர் பிற்றரிடம் (இயந்திரம் பொருத்துபவரிடம்) இருக்கும், பிற்றர் தேநீர் குடிக்கப் போயிருப்பார். ஆகவே முதலில் வந்தவரின் உயரமே எல்லாருக்கும் விதி. ஸ்பானர் இல்லாமல் மாற்ற முடியாத ஸ்டூலை மாற்றத்தக்க ஸ்டூல் என்று நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். திருகு அந்த வகையில் நல்லது, எழும்பிக் கையால் சுழற்றினால் போதும். பக்கத்து மேசைக்குத் திரும்பும்போதெல்லாம் உயரமும் கொஞ்சம் மாறிவிடுவதுதான் அதன் குறை. அழுத்த வாயு அடைத்த உருளை வந்த பிறகு நெம்புகோலைத் தொட்டாலே போதும் என்றாயிற்று. ஆனால் வாயு கசிந்தால் அந்த உருளை குப்பைக்கு. எங்கள் திருகுக்கு ஒரு சொட்டு எண்ணெய் காணும்.

இனிக் கால்கள். மூன்று கால் எந்த மேடுபள்ளத்திலும் ஆடாது. ஆய்வுகூடத் தரைக்கு அந்த வகையில் அது சரி. ஆனால் கவிழ்வதும் அதுதான் முதலில். கால்கள் 30 சென்றிமீற்றர் ஆரையுள்ள வட்டத்தில் நிற்பதாக வையுங்கள். மூன்று காலென்றால் நடுவிலிருந்து கவிழும் கோட்டுக்கு, அதாவது அடுத்தடுத்த இரண்டு கால்களை இணைக்கும் கோட்டுக்கு, 15 சென்றிமீற்றர்தான். நான்கில் அது 21, ஐந்தில் 24. நிறை அந்தக் கோட்டைத் தாண்டினால் ஆள் கீழே. சில்லு (சக்கரம்) வைத்த கதிரைகள் பெருகியபோது நான்கு கால் போய் ஐந்து கால் வந்ததன் காரணம் இவ்வளவுதான். கதிரைக் காலில் இரண்டிரண்டாக வரும் இரட்டைச் சில்லு டென்மார்க்காரர் யோர்கன் ராஸ்முசனுடையது, 1965.

ஆய்வுகூடத்தைப் புதுப்பிக்கப் பழைய மாணவர் சங்கம் நிதி சேர்க்கிறது. ஸ்டூல் வாங்கப் போகும் நண்பர்களுக்கு: ஐந்து கால், கால் வளையம் இருக்கட்டும், சில்லு வேண்டவே வேண்டாம். பன்சன் சுடரடுப்பு எரிகிற மேசைக்குப் பக்கத்தில் உருண்டு திரிய நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. திருகு வகை கிடைத்தால் முழுவதும் கழன்று வராதபடி அடியில் ஒரு தடுப்பு இருக்கிறதா என்று குனிந்து பார்த்து வாங்குங்கள்.