அண்ணாந்து குடிக்கும் டம்ளர்

நான் செய்ததில் உருப்படியாக வந்த முதல் கப்பை மஞ்சக்குப்பத்தில் இருக்கும் அத்தைக்குத்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். கைப்பிடி, உருண்டையான தடித்த விளிம்பு, பச்சை ஓடிய சாம்பல் நிறக் கிளேஸ், அதாவது சூளையில் உருகிப் படியும் கண்ணாடிப் பூச்சு. அத்தை அதில் தண்ணீரை ஊற்றி, வழக்கம்போல அண்ணாந்து வாயில் விட்டார். பாதித் தண்ணீர் கழுத்து வழியாகச் சேலைக்குப் போனது. “பாக்க நல்லாத்தான்டா இருக்கு. குடிக்கத்தான் முடியல” என்றார்.

புதுச்சேரியில் ஸ்டோன்வேர், அதாவது அதிகச் சூட்டில் சுடும் கெட்டி மண்பாண்ட வேலை வேரூன்றியது 1971இல். டெபோரா ஸ்மித், ரே மீக்கர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். டெபோரா ஜப்பானில் தொழில் பழகியவர். கோல்டன் பிரிட்ஜில் கற்றவர்கள் சிலர் ஊரைச் சுற்றியும் ஆரோவில்லிலும் சொந்தமாகச் சூளை போட்டார்கள். அப்படி ஒருவரிடம்தான் நானும் மண் பிசையப் பழகினேன். கப், டீபாட், சூப் கிண்ணம் எல்லாம் கை தானாகச் செய்யும். ஆனால் அவை எல்லாமே வாய் வைத்துக் குடிக்கிறவர்களின் பாத்திரங்கள். எங்கள் வீட்டில் எச்சில் படாமல் குடிக்கிற பழக்கம் என்பது அத்தை நனைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

சரி, எவர்சில்வர் டம்ளரைப் பார்த்து ஒன்று செய்யலாம் என்று உட்கார்ந்தேன். நினைத்த அளவு சுலபமில்லை. விளிம்பு உருண்டையாக இருந்தால் தண்ணீர் அதையே ஒட்டிக்கொண்டு வெளிப்பக்கமாக இறங்கிவிடும். வெளியே விரிந்து கூராக முடிந்தால் தாரையாக விழும். ஆனால் கூரான விளிம்பில் கிளேஸ் நிற்காமல் இரண்டு பக்கமும் வழிந்துவிடுகிறது. சிங்க்கில் ஒருமுறை இடித்தால் சில்லு பெயர்ந்துவிடும். அதோடு மண் சுருங்கும். ஈரத்தில் பத்து சென்டிமீட்டர் உயரம் இழுத்தால் சூளையிலிருந்து எட்டே முக்கால்தான் வெளியே வரும். பிடிக்கிற இடம் சுடாமல் இருக்கச் சுவர் கொஞ்சம் தடிமனாக வேண்டும், விளிம்பு மட்டும் மெலிய வேண்டும். ஏழெட்டு மாதம் போனது. ஒவ்வொரு சூளையிலும் பத்துப் பன்னிரண்டு டம்ளரை ஓரமாகச் செருகி வைப்பேன். பிரித்ததும் கொல்லையில் நின்று அண்ணாந்து குடித்துப் பார்ப்பேன். அந்த நாட்களில் என் சட்டை காய்ந்ததே இல்லை.

பட்டறை இருப்பது அரியாங்குப்பத்தில். பக்கத்திலேயே அரிக்கமேடு. 1945இல் தொல்லியல் ஆய்வாளர் வீலர் தோண்டியபோது ரோமானிய மதுச் சாடிகளின் உடைசல் கிடைத்த இடம். அந்தச் சாடியைச் செய்தவனிடமும் யாராவது ஒருத்தி “ஒழுகுது” என்று சொல்லியிருப்பாள் என்று எனக்கு ஒரு எண்ணம்.

விலைதான் பெரிய தலைவலி. வில்லியனூரில் பானை, அகல், சுடுமண் பொம்மை செய்கிற பெரியவர் ஒருவர் ஒருநாள் வந்தார். டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில் விரலால் சுண்டினார். விலை கேட்டார். 450 என்றேன்.

“ஏன் தம்பி, அந்தக் காசுக்கு நான் நாலு பொங்கப்பானை குடுப்பேனே?”

ஒரு டம்ளரைக் கையில் எத்தனை முறை எடுக்கிறேன் என்று அவருக்கு எண்ணிக் காட்டினேன். பிசைந்து உருட்டி எடை போட ஒருமுறை, சக்கரத்தில் ஒருமுறை, பாதி காய்ந்ததும் கவிழ்த்து அடி செதுக்க, பஞ்சால் துடைக்க, முதல் சூட்டுக்கு அடுக்க, இறக்க, கிளேஸில் முக்க, அடியில் ஒட்டிய கிளேஸைத் துடைக்க. அதை விட்டுவிட்டால் டம்ளர் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும், இரண்டும் போச்சு. அப்புறம் 1,280 டிகிரிக்கு மறுபடி அடுக்க, இறக்க, அடியை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க. அவர் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். சூளையைச் சுற்றி ஒரு நடை நடந்து, வரிசையாக நின்ற கேஸ் சிலிண்டர்களைப் பார்த்தார். “அப்ப ஒங்க காசெல்லாம் நெருப்புக்குப் போவுது” என்றார். என் கணக்கு நோட்டில் இருப்பதும் அதுதான்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் எதுவும் காயாது. ஆர்டர் வருவதும் அப்போதுதான். டிசம்பர் சுற்றுலாக் கூட்டத்துக்கு முன்னால் எல்லாக் கடைக்கும் சரக்கு வேண்டும். ஒரு வருஷம் அவசரப்பட்டு, கன்னத்தில் வைத்துப் பார்த்தபோது ஜில்லென்று இருந்த கப்புகளையே அடுக்கிவிட்டேன். ஜில்லென்றால் உள்ளே ஈரம் என்று அர்த்தம். தெரிந்தேதான் செய்தேன். நூறு டிகிரி தாண்டியதும் உள்ளே பட்பட்டென்று தீபாவளி.

இன்னொரு பாடம் ஒரு கஃபே கொடுத்தது. 120 தட்டு. தட்டையான பாத்திரம் மாதிரி ஏமாற்றுகிறது வேறில்லை, ஓரம் தூக்கிக்கொள்ளும். நூற்றைம்பது செய்து நூற்றிருபது தேற்றினேன். பணம் வர நான்கு மாதம் ஆனது. அன்றிலிருந்து பாதி முன்பணம் இல்லாமல் சக்கரத்தில் மண் வைப்பதில்லை.

ஷோரூம் அலமாரியில் நான் பெருமையாக நினைக்கிற பெரிய ஜாடி ஒன்று மூன்று வருஷமாக நிற்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் அதைப் போட்டோ எடுக்கிறார்கள். வாங்கிக்கொண்டு போவது டம்ளரை. வாடகை, கேஸ், பையனின் ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் அதிலிருந்துதான். ஒரு நாளைக்கு நாற்பது. முதல் ஐந்து கை பழகுவதற்கு, அவை திரும்ப மண்ணாகிவிடும். நடுவில் ஒன்றை நரம்பால் நெடுக்காக அறுத்துச் சுவரைப் பார்த்துக்கொள்வேன். சலிக்கவில்லையா என்று கேட்கிறார்கள். முப்பதாவது டம்ளர் அருகில் சலிக்கும். முப்பத்தைந்தில் போய்விடும்.

அத்தைக்குச் சரியான டம்ளரைக் கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. போன மாதம் போனபோது அதைக் காணோம். கேட்டால், அரிசிப் பானைக்குள் கிடக்கிறது. ஒரு டம்ளர் போட்டால் அவருக்கும் மாமாவுக்கும் ராத்திரிக்குக் கணக்காக வருகிறதாம். தண்ணீர் குடிக்க எவர்சில்வர்தான்.

“இன்னொன்னு வேணும்டா, பக்கத்து வீட்டுக்கு. அளவு மட்டும் மாத்திராத” என்றார்.