பயத்தைச் சோதித்துப் பார்க்கும் இடம்

"நாலு பேர் முன்னால் பேசப் பயம் என்றுதானே வந்தேன், என்னை அதே நாலு பேர் நடுவில் உட்காரச் சொல்கிறீர்களே, மேடம்?" குழுச் சிகிச்சையைப் பரிந்துரைக்கும்போது பெரும்பாலும் எனக்கு வரும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. ஆனால் சமூகப் பதற்றத்தைப் பொறுத்தவரை, அவர்கள் அஞ்சும் சூழல் சிகிச்சை அறைக்குள்ளேயே இருப்பதுதான் குழுவின் பலம்.

அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் ஹைம்பெர்க் 1980களில் வகுத்த முறையில், சுமார் ஆறு பேர் கொண்ட குழுவை இரண்டு சிகிச்சையாளர்கள் வாரம் ஒருமுறை இரண்டரை மணி நேரம் வீதம் 12 வாரங்கள் நடத்துவார்கள். வெளியூர்ப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்களுக்காக நாங்கள் நேரத்தை மட்டும் குறைத்துக்கொண்டோம்.

மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கை மாதக் கூட்டத்தில் வாசிக்க வேண்டிய ஒரு பெண் வந்திருந்தார் (அடையாளங்களை மாற்றியே எழுதுகிறேன்). குரல் உடையும், கை நடுங்கும், எல்லோரும் சிரிப்பார்கள் என்பது அவருடைய கணிப்பு. பதற்றத்துக்கு நூற்றுக்கு 85 கொடுத்தார். கணிப்பைப் பலகையில் எழுதி வைத்துவிட்டு, கணக்கு நோட்டை எங்கள் முன் வாசிக்கச் சொன்னோம். முடிந்ததும் பார்த்தவர்களிடம் கேட்டோம். கல்லூரி மாணவர் ஒருவர், "கை நடுங்கினதை நான் கவனிக்கலை, அக்கா. ஆனா நோட்டை ஏன் முகத்தை மறைக்கிற மாதிரியே பிடிச்சிருந்தீங்க?" என்றார்.

பதற்றத்தை மறைக்கக் கையாளும் இத்தகைய பாதுகாப்பு நடத்தைகள்தாம் பயத்தை ஆண்டுக்கணக்கில் காப்பாற்றி வைக்கின்றன. சமாளித்ததற்கு நோட்டுதான் காரணம் என்றே மனம் கணக்கு வைத்துக்கொள்ளும். கை நடுங்கியது தெரியவில்லை என்று நான் சொல்லியிருந்தால் ஆறுதல் வார்த்தையாக எடுத்துக்கொண்டிருப்பார். பேருந்தில் யாரும் பேச்சுக் கொடுக்காதபடி கைப்பேசிக்குள் முகம் புதைக்கும் அந்த மாணவர் சொன்னபோது நம்பினார். நோட்டை மேசைமேல் வைத்து, ஒவ்வொரு வரி முடிவிலும் தலைநிமிர்ந்து மறுபடி வாசித்தார். எண் முதலில் 90 வரை ஏறியது. பிறகு மெல்ல இறங்கியது.

"நல்லதையே நினையுங்கள்" என்று சொல்லி அனுப்புவதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. எண்ணத்தை உண்மையென்று ஏற்காமல், பொய்யென்று தள்ளாமல், சோதிக்க வேண்டிய கணிப்பாக எடுத்துக்கொள்கிறோம்.

அடுத்த வாரம் அவர் ஊர்க் கூட்டத்தில் வாசித்துவிட்டு வந்தார். ஓரிடத்தில் குரல் உடைந்துதான் போயிற்றாம். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று குழுவே கேட்டது. கடன் தவணைத் தொகை காதில் விழவில்லை, அதை மட்டும் திரும்பச் சொல்லுங்கள் என்றார்களாம்; சொன்னாராம். அடுத்த பயிற்சியாக, வங்கி மேலாளரிடம் நேரில் பேசுவதை அவரே தேர்ந்தெடுத்தார்.