பொட்டலத்தைப் பறிமுதல் செய்த பிறகு என்ன?

போதைப்பொருள் வைத்திருப்பதைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கலாமா என்று பேச்செடுத்தாலே, 'அப்படியென்றால் தாராளமாக விற்கட்டும் என்கிறீர்களா?' என்றுதான் முதலில் கேட்கிறார்கள். போர்ச்சுகலில் 2001 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டம் விற்பவருக்கு எந்தச் சலுகையும் தரவில்லை. கடத்தலுக்கும் விற்பனைக்கும் அங்கே இன்றும் சிறைதான். சொந்தப் பயன்பாட்டுக்கென்று பத்து நாள் தேவைக்கு மேற்படாமல், அதாவது ஹெராயின் என்றால் ஒரு கிராமுக்கு மிகாமல் வைத்திருந்தால், அது குற்றவியல் வழக்காகாமல் நிர்வாக விதிமீறலாகிறது, அவ்வளவே.

சட்டத்தைவிட அதற்கு அடுத்து நடப்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிடிபட்டவர் நீதிமன்றத்துக்குப் போவதில்லை. சட்டம், மருத்துவம், உளவியல், சமூகப்பணி போன்ற துறைகளிலிருந்து வந்த மூவர் குழுவின் முன் 72 மணி நேரத்துக்குள் அவர் நிற்க வேண்டும். எதை, எவ்வளவு காலமாக எடுக்கிறார், வேலை என்ன, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவர்கள் விசாரித்து, அவர் அடிமைப்பட்டவர்தான் என்று கண்டு, அவரும் சிகிச்சைக்கு உடன்பட்டால், நடவடிக்கையை நிறுத்திவைக்கிறார்கள்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2021 பிப்ரவரியில் இதே வழியில் இறங்கியபோது, குழுவுக்குப் பதிலாக 100 டாலர் அபராதச் சீட்டையும் ஒரு தொலைபேசி எண்ணையும் வைத்தது. அழைத்துப் பேசினால் அபராதம் தள்ளுபடி. அழைக்காவிட்டாலும் பெரிதாக ஒன்றும் நேர்ந்துவிடாது. பெரும்பாலோர் அழைக்கவில்லை. சிகிச்சை மையங்களுக்கான நிதி தாமதமாகப் போய்ச் சேர்ந்தது, ஹெராயினைவிடப் பல மடங்கு வீரியமான ஃபென்டனில் என்ற செயற்கைப் போதைப்பொருள் அதற்குள் பரவிவிட்டது, 2024-இல் வைத்திருப்பது மீண்டும் குற்றமானது. தண்டனையை நீக்கியதுதான் தோல்விக்குக் காரணம் என்பவர்கள், அந்தத் தொலைபேசி எண்ணைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

சிகிச்சை என்றதும் சில வாரம் அடைத்துவைத்து உடலைச் சுத்தப்படுத்துவதே பலர் நினைவுக்கு வருகிறது. ஹெராயின் போன்ற ஓபியம் வகைப் போதைக்கு அதை மட்டும் செய்வது ஆபத்தானது. போதைப்பொருளை நிறுத்திய உடல் பழைய தாங்குதிறனை இழந்துவிடுவதால், வெளியே வந்தவர் முன்பு எடுத்த அதே அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடக்கூடும்; சிறையிலிருந்து விடுதலையான முதல் சில வாரங்களில் மரணங்கள் கூடுவதும் பெரும்பாலும் இதனால்தான். ஓபியம் வகைப் போதையின் ஏக்கத்தைத் தணிக்கும் மாற்று மருந்துகளான மெத்தடோன், புப்ரெனார்ஃபின் ஆகியவற்றை மருத்துவர் கண்காணிப்பில், தேவைப்பட்டால் ஆண்டுக்கணக்கில் தொடர்வதை 'ஒரு போதைக்கு மாற்றாக இன்னொரு போதை' என்று பழிப்பவர்கள், அவை இறப்பு அபாயத்தைக் கணிசமாகக் குறைக்கின்றன என்பதை மறந்துவிடுகிறார்கள். மையத்திலிருந்து அனுப்பப்படும் ஒவ்வொருவரின் குடும்பத்தினரிடமும் அளவுமீறிய ஓபியம் வகைப் போதையை முறித்து மூச்சை மீட்கும் நலாக்சோன் மூக்குத் தெளிப்பானைக் கொடுத்து, அதைப் பயன்படுத்தும் முறையையும் கற்றுத்தந்தே அனுப்ப வேண்டும்.