குதிரை வண்டியும் ஒரு ‘ஆம்’ விகுதியும்

ஹோமியோபதிக் கல்லூரியில் ஆர்கனான் பாடம் எடுப்பவன் நான். ஹோமியோபதியை உருவாக்கிய ஜெர்மன் மருத்துவர் ஹானிமன் எழுதிய அடிப்படை நூல்தான் ஆர்கனான். ஒரு வருடம் ஹானிமன் பிறந்தநாள் மலரைத் தொகுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. கட்டுரை கேட்டு அலைவது, எழுத்துப்பிழை பார்ப்பது, புகைப்படத்தில் யாரை முன்வரிசையில் போடுவது என்று சமாளிப்பது, இவ்வளவுதான் மலர் வேலை. சண்டை வரும் என்று தெரியும். புகைப்படத்தால் வரும் என்று நினைத்திருந்தேன். வந்தது குதிரை வண்டியால்.

எனக்கே பாடம் நடத்திய மூத்த பேராசிரியர் ஒருவர் வீரியப்படுத்துதல் பற்றி, அதாவது மருந்தைப் படிப்படியாக நீர்க்க வைத்துக் குலுக்குவது பற்றி, எழுதிக் கொடுத்திருந்தார். ஹானிமன் மருந்துப் பெட்டியோடு குதிரை வண்டியில் போவார். மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கும், பெட்டியும் குலுங்கும். பக்கத்து ஊர் நோயாளிகளைவிடத் தொலைவில் இருந்தவர்கள் சீக்கிரம் குணமானார்கள். குலுக்கினால் மருந்தின் வீரியம் கூடும் என்று இப்படித்தான் அவர் கண்டுபிடித்தார்.

நல்ல கதை. முதலாம் ஆண்டு மாணவனுக்கும் ஒரே மூச்சில் புரிந்துவிடும். ஒரே குறை, ஹானிமன் எழுதியவற்றில் இது கிடையாது.

“சார், இதுக்கு ஒரு ஆதாரம் போட்டுடலாமா?” என்று கேட்டேன்.

“ஆதாரமா? உனக்கு வகுப்பிலேயே சொன்னேனே.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்பு ஒரு நாள்தான் தாங்கியது.

கதை எங்கிருந்து முளைத்திருக்கும் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. ஆர்கனானின் ஐந்தாம் பதிப்பு 1833இல் வந்தது. அதில் 270ஆம் மணிமொழியின், அதாவது எண்ணிட்ட பத்தியின், அடிக்குறிப்பில் ஹானிமன் சக மருத்துவர்களைக் கடிந்துகொள்கிறார்: நோயாளிகளைப் பார்க்கப் போகும்போது திரவ மருந்துகளைக் கூடவே எடுத்துப் போகிறார்கள், நாளாவட்டத்தில் அவற்றின் வீரியம் ஏறுவதில்லை என்றும் சாதிக்கிறார்கள், கவனிக்கத் தெரியாதவர்கள் என்று. அதோடு விடவில்லை. ஒரு குப்பியில் கொஞ்சம் சோடாவைக் கரைத்து அரை மணி நேரம் விடாமல் குலுக்கியதாகவும், அது முப்பது படி நீர்க்க வைத்துக் குலுக்கிய முப்பதாம் வீரியத்துக்குச் சமமானதாகவும் எழுதுகிறார். அங்கே வண்டியும் இல்லை, மேடு பள்ளமும் இல்லை. எரிச்சலில் எழுதிய ஓர் அடிக்குறிப்புக்கு யாரோ பிற்பாடு குதிரை பூட்டியிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். எனக்கென்னவோ அரை மணி நேரம் குப்பியைக் குலுக்கிக்கொண்டு நிற்கும் அந்த மனிதர்தான் வண்டியைவிடச் சுவாரசியமாகத் தெரிகிறார்.

இதே சங்கதிதான் பைபிள் கதையிலும். குப்பியை அவர் பைபிள் மேல் தட்டினார் என்று சிலர் பயபக்தியோடு சொல்வார்கள். ஆறாம் பதிப்பில் இருப்பது, கெட்டியான ஆனால் மீள்தன்மையுள்ள ஒரு பொருள்மேல் தட்ட வேண்டும் என்பது. அதற்கு அடிக்குறிப்பு, தோல் அட்டை போட்ட புத்தகமாக இருக்கலாம் என்கிறது. எந்தப் புத்தகம் என்று அவர் சொல்லவில்லை.

அப்புறம் அட்டைப்படம். ஹோமியோபதியின் லத்தீன் முழக்கம் ‘சிமிலியா சிமிலிபஸ் குரான்டுர்’ என்று அச்சாகி வந்தது. ஹானிமன் எழுதியது ‘குரென்டுர்’. ஒரே எழுத்துதான் மாறியிருக்கிறது. ஆனால் முதலாவது ‘ஒத்தவை ஒத்தவற்றால் குணமாகின்றன’ என்று நடப்பதைச் சொல்வது. இரண்டாவது ‘குணமாக்கப்படட்டும்’ என்று மருத்துவனுக்கு வழிகாட்டுவது. இதைத் திருத்த யாரும் தகராறு செய்யவில்லை. இலக்கணப் பிழை என்றால் ஒப்புக்கொள்கிறார்கள், கதையில் பிழை என்றால்தான் கோபம் வருகிறது. பிறந்த தேதியே தகராறுதான் என்பதை நான் வாயே திறக்கவில்லை. அவர் தன் பிறந்தநாளாக எழுதியது 1755 ஏப்ரல் 10, அவர் பிறந்த ஊரான மைசனின் தேவாலயப் பதிவில் இருப்பது 11. விழாவுக்கு மண்டபமெல்லாம் ஏற்பாடாகிவிட்டது.

நியாயமாகப் பார்த்தால் எனக்கும் பேச வாயில்லை. சின்கோனா கதையை ஆறேழு வருடம் நானே வகுப்பில் ஓட்டியிருக்கிறேன். 1790இல் ஹானிமன் மலேரியாவுக்குக் கொடுக்கும் சின்கோனா பட்டையைத் தின்றார், மலேரியா வந்தது, அன்றே ஹோமியோபதி பிறந்தது என்று, ஆப்பிள் விழுந்த மாதிரி. மாணவர்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள்.

பிறகு ஒரு நாள் மூலத்தின் மொழிபெயர்ப்பை உட்கார்ந்து படித்தேன். அதுவும் அடிக்குறிப்புதான். ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் கல்லனின் நூலை மொழிபெயர்க்கும்போது, பட்டை வேலை செய்வதற்குக் கல்லன் சொன்ன காரணம் பிடிக்காமல் எழுதிய குறிப்பு. தினம் இரண்டு வேளை, வேளைக்கு நான்கு டிராம், பல நாள் சாப்பிட்டிருக்கிறார். இன்றைய அளவில் ஒரு வேளைக்கு ஏறத்தாழ 15 கிராம். சர்க்கரை உருண்டையில் ஏற்றிய மருந்து இல்லை, வெறும் பட்டை. பாதமும் விரல் நுனியும் சில்லிட்டன, அசதி, படபடப்பு, தாகம், கன்னம் சிவந்தது. ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று மணி நேரம் இருந்தது, நிறுத்தியதும் சரியாகிவிட்டது. எல்லாவற்றுக்கும் நடுவே, விட்டுவிட்டு வரும் முறைக்காய்ச்சலுக்கே உரிய அந்தக் குளிர்நடுக்கம் மட்டும் வரவில்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். காய்ச்சலின் முக்கியமான அடையாளம் வரவில்லை என்று அவரே பதிந்திருப்பதை நான் வகுப்பில் சொன்னதே இல்லை. ஒத்தது ஒத்ததைக் குணமாக்கும் என்ற எண்ணத்தை முழுக் கட்டுரையாக அவர் வெளியிட்டது 1796இல், ஆர்கனான் வந்தது 1810இல். ஒரே நாளில் பிறந்ததாக நான் சொன்னதற்கு இருபது வருடம் பிடித்திருக்கிறது. பட்டையிலுள்ள குயினைன் மலேரியா ஒட்டுண்ணியைக் கொல்வதால்தான் காய்ச்சல் நிற்கிறது. அந்த ஒட்டுண்ணியை பிரெஞ்சு மருத்துவர் லாவெரான் கண்டதே 1880இல்.

மலர்க்குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒருவர் மேசையைத் தட்டினார். “இப்படி ஒவ்வொண்ணா உருவிட்டே போனா, கடைசியில் என்ன மிஞ்சும்?”

அவர் வண்டிக்காகக் கவலைப்படவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கதையைத் தொட்டால் அடுத்த கேள்வி மருந்துக்கு வரும். வரத்தான் செய்கிறது. 12ஆம் சென்டிசிமல் வீரியத்தை, அதாவது நூறில் ஒரு பங்காகப் பன்னிரண்டு முறை நீர்க்க வைத்ததை, தாண்டினால் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சுவது சந்தேகம் என்று வேதியியல் படித்த மாணவன் கேட்பான். 1835இல் நியூரம்பர்க்கில் நடந்த உப்புச் சோதனையைக் கேட்பான். எண் மட்டும் போட்ட குப்பிகள், சிலவற்றில் 30ஆம் வீரிய உப்பு, சிலவற்றில் பனி உருகிய வெறும் தண்ணீர். யாருக்கு எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, குடித்தவருக்கும் தெரியாது. பதில் சொன்ன 50 பேரில் ஏதோ உணர்ந்ததாகச் சொன்னவர்கள் 8 பேர், அதில் 3 பேர் குடித்தது வெறும் தண்ணீர். ஹானிமன் உயிரோடு இருந்தபோதே நடந்தது இது. எங்கள் மலர்களில் ஒரு முறைகூட வந்ததில்லை. இந்தக் கேள்விகளுக்கு வண்டிக் கதை பதிலாகாது. அதைச் சொன்னால் ‘நீ எந்தப் பக்கம்?’ என்கிறார்கள்.

இரண்டு நாள் பேச்சுவார்த்தை. கட்டுரையை எடுக்க சார் சம்மதிக்கவில்லை, அப்படியே போட எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் தமிழ்தான் கை கொடுத்தது. ‘கண்டுபிடித்தார்’ என்பதைக் ‘கண்டுபிடித்தாராம்’ என்று மாற்றலாமா என்று கேட்டேன். ஒரு ‘ஆம்’ போதும், பொறுப்பு கதை சொன்னவர்கள் தலைக்குப் போய்விடும். சார் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி, போட்டுக்கோ. நீயும் ஒண்ணும் லேசுப்பட்டவன் இல்ல.”

மலர் வந்தது. விழா முடிந்த மறுநாள் நிதானமாகப் பிரித்துப் பார்த்தேன். ‘கண்டுபிடித்தார்’ என்றே இருந்தது. அச்சகத்தில் மெய்ப்பு பார்த்தவருக்கு ‘ஆராம்’ கொச்சையாகப் பட்டிருக்கிறது, திருத்திவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, நல்ல தமிழில் வர வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தது நான்தான்.

அடுத்த வருட உள்தேர்வில் வீரியப்படுத்துதல் பற்றி ஒரு கேள்வி வைத்திருந்தேன். ஒரு பெண் வண்டிக் கதையை ஒன்றரைப் பக்கம் எழுதி, கீழே கவனமாக ஆதாரமும் கொடுத்திருந்தாள்: மலரின் பெயர், பக்க எண், தொகுப்பாசிரியர் என்று என் பெயர்.