பனியில் ஒரு இரவு, மண் பாதையில் ஒரு இரவு: லைட்டுக்குக் கொட்டிய காசு

நேற்று விடியற்காலை வீடு வந்து சேர்ந்தோம். கண் எரிச்சல் இன்னும் போகவில்லை. ஆறப்போட்டால் பாதி மறந்துவிடும் என்பதால் சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன். வண்டிக்கு லைட் வாங்கப் போகிற யாராவது இதைப் படித்தால், நான் விரயம் செய்த பணம் அவர்களுக்காவது மிஞ்சும்.

நானும் மச்சானும்தான் போனோம். முதல் இரவு மலைப்பாதை, இரண்டாம் இரவு காட்டோர மண் பாதை. கிளம்புவதற்கு முந்தின வாரம் வண்டியின் கூரை மேல் நீளமான எல்இடி லைட் பார் மாட்டினேன். பயணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த பணத்தில் பாதி அதற்கே போய்விட்டது. போதாதென்று ஹெட்லைட்டில் இருந்த எச்4 ஹாலஜன் பல்புகளைக் கழற்றிவிட்டு 6500 கெல்வின் எல்இடி பல்பு போட்டேன் (கெல்வின் எண் ஏற ஏற வெளிச்சம் நீலமாகும், இறங்க இறங்க மஞ்சளாகும்). விற்றவர் அட்டையில் அச்சிட்டிருந்த லூமன் கணக்கை, அதாவது பல்பு கொட்டும் மொத்த வெளிச்சத்தின் அளவைக் காட்டி, "இதைப் போட்டா ராத்திரி பகலாயிடும் சார்" என்றார். நம்பினேன்.

பாதி மலை ஏறும் வரை சரியாகத்தான் இருந்தது. ஒரு வளைவு திரும்பியதும் பனிமூட்டம். கை தானாக லைட் பார் சுவிட்சுக்குப் போனது. போட்ட நொடியில் கண்ணாடிக்கு முன்னால் வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர் எழுந்து நின்றது. ரோடு இல்லை, மரம் இல்லை, பானெட்டின் முனைகூடத் தெரியவில்லை. மச்சான் கத்தினார்: "மாப்ளே, மேல இருக்கறத அணைங்க முதல்ல!" அணைத்தேன். ஹெட்லைட் லோ பீமில்தான் இருந்தது, ஆனாலும் அந்த நீல வெளிச்சம் பனியில் பட்டுப் பாலாகத் திரும்பி வந்தது. பத்து மீட்டர் தெரிந்திருந்தால் அதிகம். 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு நொடிக்கு 11 மீட்டர் ஓடும் வண்டி. அதாவது கண்ணுக்குத் தெரிகிற ரோடு முழுவதும் ஒரே நொடியில் தீர்ந்துவிடும். மச்சான் ஜன்னலை இறக்கி, தலையை வெளியே நீட்டி, ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்துப் பார்த்துச் சொல்ல, நான் ஊர்ந்தேன்.

ரோடு கொஞ்சம் அகலமான ஓர் இடத்தில் லாரி ஒன்று ஒதுங்கி நின்றிருந்தது. பக்கத்தில் போய் நிறுத்தினோம். அந்த ஓட்டுநர் அண்ணன் செய்த உதவியை மறக்க மாட்டேன். அவர் வண்டியில் பம்பருக்கும் கீழே, என் முழங்கால் உயரம்கூட இல்லாத இடத்தில், பனிமூட்டத்துக்கென்றே செய்த இரண்டு மஞ்சள் ஃபாக் லைட். "கிட்ட வந்து குனிஞ்சு பாரு தம்பி" என்றார். குனிந்து பார்த்தேன். வெளிச்சம் பாய் விரித்த மாதிரி தரையோடு தரையாக, இரண்டு பக்கமும் அகலமாகப் போகிறது. மேல் விளிம்பு கத்தியால் வெட்டியது போல இருக்கிறது, அதற்கு மேலே இருட்டு. அந்த இருட்டுதான் விஷயமே. நம் கண்ணுக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருக்கிற பனியில் வெளிச்சம் படவில்லை என்றால், திரும்பி வந்து கண்ணில் அடிக்க எதுவும் இல்லை.

மஞ்சள் பனியைத் துளைக்கும் என்று பலரும் சொல்வார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது சரியில்லை. பனித்துளிகள் பெரும்பாலும் சில மைக்ரான் முதல் சில பத்து மைக்ரான் வரை பெரியவை. நாம் பார்க்கும் ஒளியின் அலைநீளமோ 0.4 முதல் 0.7 மைக்ரான்தான். துளி இவ்வளவு பெரிதாக இருந்தால் எல்லா நிறமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறும். மஞ்சளில் நீலம் குறைவு, அதனால் கண் கூச்சம் குறைவு, அவ்வளவுதான். ஆனால் ஆறு மணி நேரம் ஓட்டுகிறவனுக்கு அந்த 'அவ்வளவுதான்' பெரிய விஷயம். பிரான்சில் 1993 வரை ஹெட்லைட்டே மஞ்சளாகத்தான் இருந்தது. என்னிடம் கேட்டால் 3000 கெல்வின் பக்கம் போங்கள், 6500 பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

பழைய ஹாலஜன் பல்புகளைத் தூக்கி எறியாமல் டூல் பெட்டியில் போட்டு வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. அந்த அண்ணனே டார்ச் பிடித்தார். "கண்ணாடில விரல் படாம பிடி தம்பி, எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் சூடாகி வெடிச்சிரும்." துணியால் பிடித்து, பல்பின் அடிவளையத்தில் இருக்கும் மூன்று காதும் பள்ளத்தில் உட்காரும் வரை திருப்பி, கம்பிக் கிளிப்பை மாட்டினேன். லைட்டைப் போட்டதும் லாரியின் தார்ப்பாயில் கோடு கிழித்தது போல வெளிச்சத்தின் மேல் விளிம்பு விழுந்தது. எல்இடி பல்பில் அதே தார்ப்பாய் முழுக்க மசமசவென்று ஒளி சிந்திக் கிடந்தது. ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் ஹாலஜன் இழை இருக்கும் இடத்துக்குக் கணக்குப் போட்டுச் செய்தது. இழை இருந்த இடத்தில் எல்இடி சில்லு மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தாலும் கணக்கு கெட்டுவிடும். எதிரில் வருகிறவர் கண்ணிலும் அந்தச் சிதறல்தான் அடிக்கிறது. எத்தனை பேரை நான் அப்படிக் கூசவைத்தேனோ, நினைத்தால் சங்கடமாக இருக்கிறது.

கிளம்பும்போது அவர் இன்னொன்றும் சொன்னார்: "உன் வண்டி பின்னாடி இருந்து தெரியவே இல்ல தம்பி." பின்பக்கச் சிவப்பு ஃபாக் லைட்டைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. சாதாரண டெயில் லைட்டைவிடப் பல மடங்கு பிரகாசம். அடர்ந்த பனியில் மட்டும் போட்டு, பனி விலகியதும் அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வருகிறவருக்குப் பிரேக் லைட் எது என்றே தெரியாது.

இரண்டாம் இரவு பனி இல்லை. மண் பாதை, எதிரே வண்டி நடமாட்டமே கிடையாது. இங்கேயாவது லைட் பார் உழைக்கட்டும் என்று போட்டேன். இருட்டு விலகியது உண்மைதான், ஆனால் சரியாக ஐந்து நிமிடத்தில் முன்சக்கரம் ஒரு குழியில் இறங்கி வண்டி தூக்கிப் போட்டது. அவ்வளவு வெளிச்சத்தில் குழி எப்படித் தெரியாமல் போனது? இறங்கி நின்று பார்த்தோம். லைட் நம் கண்ணுக்குப் பக்கத்திலேயே இருந்தால் குழியின் நிழல் குழிக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்கிறது. மேடும் பள்ளமும் ஒரே தட்டையான மஞ்சள் மண்ணாகத் தெரிகிறது. லைட் பாரை அணைத்துவிட்டு ஹெட்லைட்டை மட்டும் போட்டோம். ஒரு கூழாங்கல்லுக்குக்கூட நீள நிழல் விழுந்தது, குழியின் விளிம்பு கருப்புக் கோடாகத் தெரிந்தது. பானெட்டில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சமும், புழுதி கிளம்பினால் பனி மாதிரியே எழும் வெள்ளைச் சுவரும் தனித் தொல்லை.

அதற்காகக் கூரை லைட்டே வீண் என்று சொல்ல மாட்டேன். வண்டியை நிறுத்திவிட்டுக் கூடாரம் போடவும் டயர் மாற்றவும் அது அருமை. ஓட்டுவதற்கு, காசு கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் முதலில் தாழ்வாக மாட்டுகிற அகல பீம் ஃபாக் லைட் ஒரு ஜோடி. மிச்சம் இருந்தால் பம்பர் உயரத்தில் குறுகிய ஸ்பாட் லைட் ஒரு ஜோடி, அதுவும் ஆளில்லாத பாதைக்கு மட்டும். அட்டையில் லூமனைப் பார்க்காமல், எத்தனை மீட்டரில் எத்தனை லக்ஸ் (அந்த இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஆற்றில் இறங்குகிற வண்டி என்றால் ஐபி67 முத்திரை வேண்டும், ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும்.

வயரிங்கில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 55 வாட் பல்பு இரண்டு என்றால் 110 வாட், 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதை நேராகச் சுவிட்ச் வழியாக விட்டால் சுவிட்ச் சூடேறிக் கருகும். தனி ரிலே (சுவிட்சின் சிறு மின்சாரத்தில் இயங்கி, லைட்டின் பெரிய மின்சாரத்தைத் தானே தாங்குவது), 15 ஆம்பியர் ஃபியூஸ், தடித்த வயர். மெல்லிய வயரில் வோல்ட்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் ஹாலஜன் வெளிச்சம் முப்பது சதவீதம் போய்விடும். புது பல்பு வாங்கும் முன் வயரைப் பார்த்தாலே சிலருக்குச் செலவு மிச்சமாகும். மங்கிப்போன ஹெட்லைட் கண்ணாடியைத் தேய்த்துப் பாலிஷ் போடுவதும் அப்படித்தான்.

லைட் பாரை இன்று காலை கழற்றிவிட்டேன். மச்சான் அதை வண்டியின் பின்பக்கம், ரிவர்ஸ் எடுக்கும்போது எரிகிற மாதிரி மாட்டித் தருகிறேன் என்றிருக்கிறார். சாயங்காலம் வண்டியைச் சுவரிலிருந்து பத்து மீட்டர் தள்ளி நிறுத்தி, பயணத்தில் ஏற்றிய அதே சுமையைப் பின்னால் ஏற்றி, லோ பீம் கோடு ஹெட்லைட் உயரத்தைவிடப் பத்து சென்டிமீட்டர் கீழே விழுகிறதா என்று பார்க்க வேண்டும். பின்னால் சுமை அழுத்தினால் வண்டியின் மூக்கு தூக்கும், அந்த மலைப்பாதையில் எங்கள் வெளிச்சம் பாதி நேரம் மரக்கிளைகளில்தான் விழுந்தது என்று மச்சான் சொன்ன பிறகுதான் சுமையின் நினைவே எனக்கு வந்தது.