ரப்பர் உறை

மாருதி 800-இன் முன்சக்கரத்தைக் கழற்றினால், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் குமிழ் மூட்டான டை ராட் எண்டின் ரப்பர் உறை கிழிந்து கிடக்கிறது. கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் துருவும் பொடிமணலும்.

கையால் ஆட்டினாலே கடகடவென்று ஆடியது.

மண்டபம் பக்கம் உப்புக்காற்று பெயின்டை மட்டும் தின்பதில்லை. உறையில் மயிரிழை விரிசல் போதும். ஈரம் உள்ளே இறங்கி கிரீஸைக் கெடுக்கும், அப்புறம் இரும்போடு இரும்பு உரசித் தேயும்.

"ஓடுற வரைக்கும் ஓடட்டுமேண்ணே" என்றான் தம்பி.

இல்லடா. அந்தக் குமிழ் கழன்றால் ஸ்டீயரிங் நம் கையில் இருக்கும், சக்கரம் அதன் போக்கில் போகும். பாம்பன் பாலத்தில், அந்தக் காற்றில், அம்மாவும் பிள்ளைகளும் உள்ளே இருக்கையில்?

பழையதை எத்தனை சுற்றில் கழற்றினோமோ, புதியதையும் அத்தனை சுற்று ஏற்றினோம். எண்ணாமல் மாட்டினால் சக்கரம் கோணலாகி, டயர் ஒரு பக்கமாகத் தேயும். எண்ணினாலும் அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும். நாளைக்கு ராமநாதபுரம் போகிறோம்.

பிரேக்குக்குப் பயப்படும் அளவுக்கு யாரும் இதற்குப் பயப்படுவதில்லை. எனக்கு அதுதான் வருத்தம்.

கடலோரத்தில் பழைய வண்டி வைத்திருப்பவர்களே, பஞ்சருக்குச் சக்கரத்தைக் கழற்றும்போது அந்த உறையை விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள்.