மூன்றாவது ப்ரூஃபில் வந்த நீலம்

என் ஓவியம் ஒன்றை வரைய எனக்கு 40 நிமிஷம் ஆனது. அதன் பிரிண்ட் ஒன்று முதன்முதலாக விலைக்குப் போக 7 மாதம் ஆனது. வீட்டிலிருந்து வரைந்து ஆன்லைனில் விற்க நினைப்பவர்களுக்கு உதவும் என்றுதான் அந்த 7 மாதத்தை எழுதுகிறேன்.

நான் வரைவது அரூப ஓவியம், அடையாளம் காணும் உருவம் எதுவும் இல்லாதது. முன்கூட்டி ஸ்கெட்ச் கிடையாது. கச்சேரியில் அந்த நேரத்துக் கற்பனையில் பாடுவதை மனோதர்மம் என்பார்களே, அந்த வகை. மனோதர்மத்துக்கும் ராகம் என்று ஒரு வேலி உண்டு இல்லையா? எனக்கு வேலி மூன்று நிறங்கள்: அல்ட்ராமரின் நீலம், காவி, வெள்ளை. கருவி, சுவருக்குப் பட்டி பார்க்கிற தகடு ஒன்றே. பாண்டிச்சேரியில் ஆசிரமத்துக் கைக்காகிதத் தொழிற்சாலையில் வாங்கிய தடித்த தாளைத் கடலூர் திருப்பாதிரிப்புலியூர் வீட்டு மாடியில் விரித்து, முதல் இழுப்பை யோசிக்காமல் இழுத்துவிடுவேன். அடுத்ததை அந்த முதல் இழுப்பு சொல்லும். வெயில் காலத்தில் அக்ரிலிக் பெயிண்ட் சில நிமிஷத்தில் காய்ந்துவிடும், கை தயங்கினால் போச்சு. ஐப்பசி மழையில் காயவே காயாது, மேலே இழுக்கிற நிறம் கீழே இருப்பதைக் கலக்கிச் சேறாக்கிவிடும். எங்கே நிறுத்துவது என்பதுதான் இதில் ஆகக் கடினம். நல்லா இருந்த படங்களை இன்னும் ஒரே ஒரு இழுப்பு என்று கெடுத்திருக்கிறேன். இப்போது மனசு ‘இன்னும் ஒண்ணு’ என்று சொன்னால் தகட்டைக் கழுவப் போய்விடுகிறேன்.

ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கி 1909இலிருந்து ஒரு வரிசை ஓவியங்களுக்கு ‘இம்ப்ரொவைசேஷன்’, கிட்டத்தட்ட நம் மனோதர்மம், என்றே பெயரிட்டு எண் கொடுத்தார். நானும் பெயர் வைக்காமல் எண்தான் போடுகிறேன். ‘இது என்ன படம்?’ என்று கேட்பவர்களிடம் அவர்களுக்கு என்ன தெரிகிறது என்று கேட்பேன். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி 31ஆம் எண்ணைப் பார்த்து, “புயலுக்கு மொத நாளு தேவனாம்பட்டினம் கடலு இப்படித்தாண்டி இருக்கும்” என்றார். பிரிண்ட் போட 31ஐத் தேர்ந்தெடுத்தது அதனால்தான்.

2024 ஜூனில் வரைந்த படம் அது. முதலில் போனில் எடுத்தேன். ஓரங்கள் வளைந்து, அக்ரிலிக் பளபளப்பு வெள்ளைத் திட்டாக விழுந்தது. கல்யாண வேலை செய்யும் ஸ்டூடியோத் தம்பி ஒருவர் தன் 24 மெகாபிக்சல் கேமராவோடு வந்தார். மேகம் மூடிய காலை, மொட்டை மாடி, படத்துக்கு நேர் எதிரே ஸ்டாண்டு, ஓரத்தில் நிறம் சரிபார்க்க ஒரு சாம்பல் அட்டை. படத்தின் நீளம் 6000 பிக்சல், அகலம் 4000. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்குப் போட்டால் நீளம் 20 அங்குலம், அகலம் 13 அங்குலத்துக்குச் சற்று மேல். ஏ3 பிரிண்டுக்குத் தாராளம்.

அடுத்து வந்த நீலம்தான் என்னைப் படுத்தியது. ஆன்லைனில் பிரிண்ட் போட்டுத் தரும் ஒரு நிறுவனத்திடமிருந்து வந்த முதல் ப்ரூஃபில், அதாவது சோதனை பிரிண்டில், என் கடல் கத்தரிப்பூ நிறமாகியிருந்தது. அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டாவதை, வரைந்த அதே கைக்காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். தப்பு என்னுடையது. இங்க்ஜெட் மையைப் பிடித்து வைக்கும் பூச்சு இல்லாத தாள் மையை உறிஞ்சிவிடும், நிறம் மங்கிப்போகும். பிறகு பாண்டியில் பிக்மென்ட் (நிறமி) மையில் பிரிண்ட் போடும் ஒருவரைக் கண்டுபிடித்தேன்.

“அக்கா, ஸ்க்ரீன்ல தெரியறது வெளிச்சம், தாள்ல விழறது மை. சாதாரண நாலு கலர்ல இந்த நீலம் ஊதாவாத்தான் சாயும். என் மெஷின்ல மை அதிகம், கிட்ட வரலாம்” என்றார். அசலைக் கையோடு கொண்டு வரச் சொன்னார். ஜன்னலோரம் அசலையும் சோதனைத் துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து, 308 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 308 கிராம்) பருத்தித் தாளில் மூன்றாவது ப்ரூஃப் வந்தது. தகடு கீறிய இடத்தில் வெள்ளை எட்டிப் பார்ப்பதுகூட அப்படியே இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் யாரிடம் கொடுத்தாலும் அசலைத் தூக்கிக்கொண்டு நேரில் போங்கள்.

25 பிரிண்ட் மட்டும் என்று முடிவு செய்து, கீழ் ஓரத்தில் பென்சிலால் 1/25, 2/25 என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஒன்றுக்கு அச்சுச் செலவு 700, அட்டைக்குழாய், பட்டர் பேப்பர், தபால் சேர்த்து 200. விலை 2,200 வைத்தேன். குறைவு என்று சிலர் சொன்னார்கள். என் ஊர் ஆசிரியை ஒருவர் யோசித்தாவது வாங்கக்கூடிய விலையாக இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் கரையேறி, அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் வந்தபோது பீரோவின் மேல்தட்டில் இருந்தும் இரண்டு பிரிண்ட்கள் ஈரக்காற்றிலேயே நெளிந்துவிட்டன. இப்போது மூடி இறுக்கமான பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கிறேன்.

இன்ஸ்டாகிராமில் போட்டதும் முதலில் கேட்டவர் பாண்டி லாஸ்பேட்டைக்காரர். அவருக்குத்தான் உடனே அனுப்ப முடியவில்லை. கடலூரிலிருந்து பாண்டி பஸ்ஸில் ஒரு மணி நேரம். ஆனால் அது யூனியன் பிரதேசம், ஜிஎஸ்டி கணக்கில் வெளிமாநில விற்பனை. ஆடிட்டர் விளக்கினார்: பொருள் விற்பவருக்குத் தமிழ்நாட்டுக்குள் 40 லட்சம் விற்றுமுதல் வரை பதிவு தேவையில்லை, மாநில எல்லை தாண்டி விற்றால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். கையால் செய்த கைவினைப் பொருளுக்குச் சலுகை உண்டு, பிரிண்டை அதில் சேர்க்க வேண்டாம் என்றார். பதிவுக்கு அரசுக் கட்டணம் இல்லை. வீடு அப்பா பெயரில் இருந்ததால் கரண்டு பில்லோடு அவருடைய சம்மதக் கடிதமும் கேட்டார்கள்.

அதற்குள் ஜனவரியில் 1/25 மதுரைக்கும் 2/25 கோவைக்கும் போயின. லாஸ்பேட்டைக்காரருக்கென்று 3/25ஐ எடுத்து வைத்துவிட்டு, காத்திருக்க முடியுமா என்று கேட்டிருந்தேன். “நீங்க நம்பர் வாங்குங்கம்மா, சுவர் எங்கேயும் போயிடாது” என்று எழுதியிருந்தார். மார்ச்சில் ஜிஎஸ்டி எண் வந்தது. மறுநாளே பில் போட்டு அனுப்பினேன்.